இரண்டாம் நாற்காலி

1957 பொதுத்தேர்தலில் எழும்பூர்த் தொகுதியில் நின்ற தி.மு.க. வேட்பாளருக்கு அப்போது வயது 34. பச்சையப்பன் கல்லூரியில் 1944-இல் தமிழாசிரியராகச் சேர்ந்து 13 ஆண்டுகள் பாடம் நடத்தியவர். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலை. வகுப்பில் மாணவர்கள் காது கொடுத்துக் கேட்கும் பேச்சு. அதையெல்லாம் விட்டுவிட்டு அவர் நம்பிப் போன கட்சிக்கு அதுதான் முதல் தேர்தல். தேர்தலில் நிற்கலாமா என்பதையே அதற்கு முந்தைய ஆண்டு திருச்சி மாநாட்டில் கூடியிருந்தவர்களிடம் பெட்டி வைத்து வாக்குக் கேட்டுத்தான் முடிவு செய்திருந்தார்கள். 205 இடங்கள் கொண்ட சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தவை 15. காஞ்சிபுரத்தில் அண்ணா, குளித்தலையில் கருணாநிதி, எழும்பூரில் இந்தத் தமிழாசிரியர், இன்னும் சிலர்.

க. அன்பழகனைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் முதலில் நிற்கும் இடம் இதுதான். பின்னாளில் அவர் சுகாதார அமைச்சரானார், கல்வி அமைச்சரானார், நிதி அமைச்சரானார். 9 முறை சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 43 ஆண்டுகள் ஒரு பெரிய கட்சியின் பொதுச்செயலாளராக இருந்தார். அவற்றில் ஒன்றுகூட அந்த 1957-இல் கண்ணுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. காங்கிரஸை யாரும் அசைக்க முடியாது என்று ஊரே நம்பியிருந்த காலம். ஆளும் கட்சியில் இடம் கிடைத்த பிறகு வேலையை விடுகிறவரையும், தோற்கும் வாய்ப்பே அதிகம் என்று தெரிந்தும் விடுகிறவரையும் நான் ஒரே தராசில் வைக்க மாட்டேன்.

இதை இப்போது யோசிக்க ஒரு காரணம் இருக்கிறது. நானும் கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். என்னிடம் படித்து, இன்று வேறொரு கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கும் ஒரு பெண் அண்மையில் வீட்டுக்கு வந்தாள். நன்றாகப் பேசுவாள், ஊரில் நல்ல பெயர். காபியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமலே இருந்தாள்.

"ஐயா, கட்சியில என்னைச் சட்டமன்றத்துக்கு நிக்கச் சொல்றாங்க. போகட்டுமா?"

"வீட்டுல என்னம்மா சொல்றாங்க?"

"அவர் சரின்னுட்டார். மாமியார்தான், வாத்தியார் வேலைய விட்டுட்டு யாராச்சும் ஓட்டுக் கேட்டுப் போவாங்களான்னு கேக்கிறாங்க."

மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. வீட்டுக்கடன் பாக்கி இருக்கிறது. வேலையை விட்டால் திரும்பக் கிடைக்காது. ஆனால் அவள் முகத்தில் இருந்த தயக்கம் பணத்தைப் பற்றியது மட்டுமில்லை என்று எனக்குப் பட்டது. போனால் நான் நானாக இருப்பேனா என்று கேட்கத்தான் அவள் பழைய வாத்தியாரைத் தேடி வந்திருந்தாள். அதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அவள் போன பிறகு அன்பழகனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருவாரூர்ப் பக்கம் காட்டூரில் 1922 டிசம்பர் 19-இல் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் இராமையா. தனித்தமிழ் உணர்வு மேலோங்கிய அந்த நாளில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதைப் போல இவர் அன்பழகன் ஆனார். இருவரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவர்கள். சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே மேடை ஏறிவிட்டார். 1942-இல் திருவாரூரில் ஒரு மாணவர் மன்ற ஆண்டுவிழாவுக்குப் பேச்சாளராக வந்தார். அந்த விழாவை ஓடியாடி நடத்திய உள்ளூர் இளைஞர் இவரைவிட ஒன்றரை வயது இளையவர். பெயர் கருணாநிதி.

விழா நடத்தியவர் 27 ஆண்டுகள் கழித்து முதலமைச்சர் ஆனார். விழாவுக்கு வந்த பேச்சாளர் அவருடைய அமைச்சரவையில் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார். 1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்தபோது தி.மு.க.வுக்குள் நடந்த தலைமைப் போட்டியும், அதில் நெடுஞ்செழியன் பட்ட மனவருத்தமும், பின்னாளில் அவர் கட்சியை விட்டே விலகியதும் எல்லோரும் அறிந்த கதை. நெடுஞ்செழியன் விலகியபின் 1977-இல் பொதுச்செயலாளர் பொறுப்பு அன்பழகனிடம் வந்தது. 2020 மார்ச் 7-இல் தமது 97-ஆம் வயதில் இறக்கும்வரை அவர்தான் பொதுச்செயலாளர். படிப்பில் மேல், வயதில் மூத்தவர், மேடையில் யாருக்கும் குறைந்தவரல்லர். ஆனாலும் முதல் நாற்காலிக்கு அவர் கை நீட்டவில்லை.

ஒரு மனிதர் அரை நூற்றாண்டு இரண்டாம் இடத்தில் எப்படி உட்கார்ந்தார்? பலர் இதை அடக்கம் என்று பாராட்டுவார்கள். சிலர் ஆசை இல்லாதவர் என்பார்கள். எனக்கு இரண்டும் போதவில்லை. அடக்கம் பத்தாண்டு தாங்கும். அதற்கு மேல் உள்ளே கசந்துவிடும். ஆசை இல்லாதவர் 9 முறை தேர்தலில் வெல்லவும் மாட்டார். அவர் பார்த்த பழைய வேலைதான் இதற்குப் பயிற்சி கொடுத்தது என்று நான் நம்புகிறேன்.

கல்லூரி ஆசிரியரின் வாழ்க்கையில் ஒரு விசித்திரம் உண்டு. ஆண்டுக்காண்டு ஆசிரியருக்கு மட்டும்தான் வயதாகும். வகுப்புக்கு வயதே ஆகாது. ஜூன் மாதம் பிறந்தால் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு எப்போதும் 17, 18 வயதுதான். போன வருஷம் குறுந்தொகையில் தடுமாறியவன் அடுத்த வருஷம் அரசு வேலையில் சேர்ந்து இனிப்போடு வந்து நிற்பான். இன்னும் பத்து வருஷம் கழித்து, நாம் மனு கொடுக்கப் போகும் அலுவலகத்தில் அவனே அதிகாரியாக இருப்பான். "ஐயா, நீங்க உக்காருங்க" என்று அவன் எழுந்து நிற்பான். கையெழுத்துப் போடும் அதிகாரம் அவனிடம்தான் இருக்கும். நம்மைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்து வயிறு எரிகிற ஆசிரியர் அந்த வேலையில் நிம்மதியாக ஒரு நாள்கூட இருக்க முடியாது. பத்துப் பதினைந்து வருஷம் அந்த வேலையைப் பார்த்தவருக்கு, இன்னொருவர் முன்னே போவது தோல்வியாகத் தெரியாத ஒரு பார்வை தானாக வந்துவிடுகிறது. அரசியலில் மற்றவர்களுக்கு இந்தப் பயிற்சி கிடைக்க வழியில்லை. அங்கே தலைவரும் தொண்டரும் கூடவே மூப்படைகிறார்கள். ஒருவர் முன்னால் போனால் இன்னொருவருக்கு அந்த இடம் இல்லை.

2018 ஆகஸ்டு 28-இல் தி.மு.க. பொதுக்குழுவில் மு.க. ஸ்டாலின் தலைவராகப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டதை அறிவித்தவர் அன்பழகன். அப்போது அவருக்கு வயது 95. அண்ணாவுக்குக் கீழ் வேலை பார்த்தவர், தம்மைவிட இளையவருக்குக் கீழ் வேலை பார்த்தவர், அந்த இளையவரின் மகனைத் தலைவர் என்று அறிவிக்கிறார். வெவ்வேறு ஆண்டு மாணவர்களுக்கு ஒரே பாடத்தை நடத்திய ஒருவரால்தான் மூன்று தலைமுறையின் கீழும் மனம் சுருங்காமல் நிற்க முடியும்.

ஆனால் இதை இப்படிப் புகழ்ந்துவிட்டுப் போவது நேர்மையாகாது. ஆசிரியரின் வேலையில் பாதிதான் வழிவிடுவது. மறு பாதி கண்டிப்பது. தவறாக எழுதியவனுக்கு மதிப்பெண் குறைக்கவும், தலைமையாசிரியர் வீட்டுப் பிள்ளையானாலும் காப்பியடித்தவனை எழுப்பி வெளியே அனுப்பவும் துணியாதவர் ஆசிரியர் ஆக மாட்டார். கட்சியின் பொதுச்செயலாளர் கையில் அந்தச் சிவப்புப் பேனா இருந்தது. செய்தித்தாள்களில் நாம் அடிக்கடி பார்த்த சின்னச் சின்ன அறிவிப்புகளை நினைத்துப் பாருங்கள். கட்சிக் கட்டுப்பாட்டை மீறியதற்காக இன்னார் அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உள்பட எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்படுகிறார், கீழே க. அன்பழகன், பொதுச்செயலாளர். மாவட்டத்துக்கு மாவட்டம் எத்தனையோ பேருக்கு அந்த அறிவிப்பு வந்திருக்கும். 2014 ஜனவரியில் தலைவரின் மகன் மு.க. அழகிரியைக் கட்சியிலிருந்து தற்காலிகமாக நீக்கிய அறிவிப்பும் அவர் பெயரில்தான் வந்தது.

அந்தப் பேனா கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் ஓடியது. மேல்நோக்கி ஓடியதா? கட்சி ஒரு குடும்பத்தின் கைக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று வெளியிலிருந்தவர்கள் மட்டுமின்றி உள்ளே இருந்தவர்களும் வருத்தப்பட்ட ஆண்டுகளில், பொதுவெளியில் தலைமையைத் தடுத்துப் பேசிய மூத்த குரலாக அவர் நிற்கவில்லை. தனியறையில் பேசியிருக்கலாம். நாடு அறியப் பேசவில்லை. சுயமரியாதை இயக்கத்தில் வளர்ந்த ஒரு தமிழாசிரியரிடம் நாம் எதிர்பார்க்கக்கூடியது இதைவிடக் கூடுதல் என்று நான் நினைக்கிறேன். அவரை மதிக்கிறவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். இரண்டாம் நாற்காலியில் உட்காரத் தெரிந்தவருக்கு ஒரு தனி உரிமை உண்டு: முதல் நாற்காலியைத் தனக்காகக் கேட்கிறான் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. அந்த உரிமையை அவர் கட்சிக்கு வெளியே பயன்படுத்திய அளவுக்குக் கட்சிக்குள் பயன்படுத்தவில்லை.

கட்சிக்கு வெளியே அவர் விட்டுக்கொடுக்காதவர் என்பதற்கு நீதிமன்ற ஆவணங்களே சாட்சி. ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு, அவரே மீண்டும் முதலமைச்சர் ஆன பிறகு சென்னையில் நடந்த விதம் ஊரறிந்தது. முன்பு சாட்சி சொன்னவர்கள் மறுபடி அழைக்கப்பட்டு, சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசுத் தரப்பு அதைத் தட்டிக் கேட்கவில்லை. வழக்கை வேறு மாநிலத்துக்கு மாற்றக் கோரி உச்ச நீதிமன்றம் போனவர் அன்பழகன். 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கைப் பெங்களூருக்கு மாற்றியது. அப்போது அவருக்கு வயது 80. 2014 செப்டம்பரில் அங்கே தண்டனைத் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் அரசு வழக்கறிஞர் நியமனம் முறைப்படி நடக்கவில்லை என்று 2015-இல் மறுபடியும் உச்ச நீதிமன்றம் போனார். நியமனம் செல்லாது என்று அந்த நீதிமன்றம் சொன்னபோது அவருக்கு வயது 92. இந்த வழக்கில் அரசியல் பகை இல்லை என்று நான் சொல்லவில்லை. எதிர்க்கட்சிக்காரர் போட்ட மனுதான். ஆனால் பகைக்கு இவ்வளவு பொறுமை இருக்காது. வாய்தா, மனு, எதிர்மனு, மறுமனு என்று பன்னிரண்டு ஆண்டு ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு போவது வேறு குணம். ஒரு சொல்லுக்கு உரையாசிரியர்கள் என்ன பொருள் சொன்னார்கள் என்று ஏடு ஏடாகப் புரட்டியவர்களுக்கு அது பழக்கம்.

1983 ஆகஸ்டில், இலங்கையில் தமிழர்கள் கொல்லப்பட்டதற்கு அரசுகள் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று கருணாநிதியும் அவரும் சட்டமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்தார்கள். அடுத்த ஆண்டே பூங்கா நகர்த் தொகுதியில் நின்று மறுபடி உள்ளே வந்தார். 1986-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசியல் சட்டத்தின் மொழிப் பகுதியைக் கொளுத்தியதற்காக 10 தி.மு.க. உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். அவர்களில் அன்பழகனும் ஒருவர். இரண்டு முறை பதவியை இழந்தும் மூன்றாம் முறை வாக்குக் கேட்டுப் போகத் தயங்கவில்லை. 2006-இல் துறைமுகம் தொகுதியில் சில நூறு வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2011-இல் 88 வயதில் வில்லிவாக்கத்தில் தோற்றார். அந்த வயதிலும் தெருத்தெருவாகப் போய் வாக்குக் கேட்டுத் தோற்பதில் எனக்கு ஒரு மரியாதை உண்டு.

போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்பதற்கும் விடை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. அதே பச்சையப்பன் கல்லூரித் தமிழ்த் துறையில் மு. வரதராசன் இருந்தார். 1939-இல் சேர்ந்து 1961 வரை அங்கே கற்பித்தவர். நாவல் எழுதினார், மொழிநூல் எழுதினார். அவருடைய திருக்குறள் தெளிவுரை இல்லாத தமிழ் வீடு குறைவு. சட்டைப் பையில் அடங்குகிற அந்தச் சிறு புத்தகம் இன்றும் பேருந்து நிலையக் கடைகளில் கிடைக்கிறது. 'அகல் விளக்கு' நாவலுக்கு 1961-இல் சாகித்திய அகாதெமி விருது. 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அந்தப் பதவியில் இருக்கும்போதே 1974-இல் மறைந்தார். ஒருவர் வகுப்பறையில் இருந்துகொண்டே வீடு வீடாகப் போனார். இன்னொருவர் வகுப்பறையை விட்டுவிட்டு வாக்குச்சாவடி வழியாகப் போனார். யாருடைய வழி பெரிது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மு.வ.வின் நூலை நிறுத்த எந்த நீதிமன்றத்தாலும் முடியவில்லை. அன்பழகனின் கனவுகளில் ஒன்றை நீதிமன்றம் நிறுத்தியது.

அது 1999-ஆம் ஆண்டு. அவர் கல்வி அமைச்சர். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் அல்லது தாய்மொழியே பயிற்றுமொழி என்று அரசு ஆணை போட்டது. ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரிந்த மொழியில் பாடம் சொல்ல வேண்டும் என்பது எந்தத் தமிழாசிரியரும் தூக்கத்தில்கூடச் சொல்லும் விஷயம். மெட்ரிகுலேஷன் பள்ளி நிர்வாகங்கள் நீதிமன்றம் போயின. 2000-இல் உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். பெற்றோர்கள் யார் பக்கம் நின்றார்கள்? தமிழ் வாழ்க என்று கூட்டத்தில் கை தட்டிய பலரும் காலையில் பிள்ளையை ஆங்கிலப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டவர்கள்தான். வகுப்பறையில் ஆசிரியர் சொன்னால் மாணவர் கேட்டாக வேண்டும். அரசியலில் அது நடக்காது. மக்களை உட்காரவைத்து விளக்கி, சம்மதிக்கவைத்து, அதன்பிறகு ஆணை போட வேண்டும். இந்த வித்தியாசத்தில்தான் பல பேராசிரியர்கள் தடுக்கி விழுகிறார்கள்.

கேரளத்தில் இதைவிடப் பெரிதாக விழுந்தவர் ஒருவர் உண்டு. அன்பழகன் எழும்பூரில் வென்ற அதே 1957-இல் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் கல்வி அமைச்சரானவர் ஜோசப் முண்டசேரி. திருச்சூர் செயின்ட் தாமஸ் கல்லூரியில் நெடுங்காலம் மலையாளம் கற்பித்தவர், மலையாள இலக்கியத் திறனாய்வில் பெரிய பெயர். தனியார் பள்ளி ஆசிரியர்கள் நிர்வாகத்தின் தயவில் எப்படி வாழ்கிறார்கள் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பதவி ஏற்ற சில மாதங்களிலேயே கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களின் சம்பளம் அரசிடமிருந்தே நேராக வர வேண்டும், ஆசிரியர் நியமனம் தேர்வாணையப் பட்டியலிலிருந்து நடக்க வேண்டும் என்றது அது. பள்ளிகளை நடத்திய திருச்சபைகளும் நாயர் சேவைச் சங்கமும் கொதித்தெழுந்தன. குடியரசுத் தலைவர் மசோதாவை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். விமோசன சமரம் என்ற பெயரில் தெருவில் போராட்டம் மூண்டது. 1959 ஜூலை 31-இல் அமைச்சரவையே கலைக்கப்பட்டது. 28 மாதம்தான் ஆட்சி.

முண்டசேரி அவசரப்பட்டார் என்று எழுதியவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் ஆசிரியர் சம்பளம் நிர்வாகத்தின் கையிலிருந்து அரசின் பொறுப்புக்கு மாற வேண்டும் என்ற எண்ணம் அவரோடு போகவில்லை. கேரளத்தில் இன்று உதவி பெறும் பள்ளி ஆசிரியருக்கு அரசே சம்பளம் தருகிறது. தமிழ்நாட்டில் உதவி பெறும் கல்லூரியில் எனக்கும் அரசுதான் சம்பளம் தந்தது. அரசியலுக்குப் போன பேராசிரியர் தாம் பட்டதை மறக்காமல் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்பதற்கு முண்டசேரிதான் எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம். அவர் பின்னர் 1971-இல் கொச்சிப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகக் கல்வி உலகுக்கே திரும்பினார்.

பட்டதை மறக்காமல் என்று சொன்னேன். இன்று அதற்கு என்ன பொருள் என்பதையும் சொல்ல வேண்டும். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்துக்கு 2022-இல் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று பெயர் வைத்தார்கள். அவருடைய நூற்றாண்டுச் சிறப்பு. பொருத்தமான மரியாதை. அதே 2022 டிசம்பர் கடைசியில் அதே வளாகத்தில் இடைநிலை ஆசிரியர்கள் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். பெண்கள் பலர் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். சிலர் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பள்ளிகளில் இந்த நிலை என்றால் அரசுக் கலைக் கல்லூரிகளில் பாதி வகுப்புகளைக் கௌரவ விரிவுரையாளர்கள்தான் தாங்குகிறார்கள். முனைவர் பட்டம் பெற்றவர்கள், பத்துப் பதினைந்து ஆண்டாக ஒரே இடத்தில் கற்பிப்பவர்கள். கோடை விடுமுறை மாதத்தில் சம்பளம் இல்லாமல் மளிகைக் கடையில் கணக்கு வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். ஓர் ஆசிரியரின் பெயரை ஒரு வளாகத்துக்கு வைப்பதோடு அவருக்குச் செய்ய வேண்டிய கடன் தீர்ந்துவிடாது. சட்டமன்றத்தில் எழுந்து இதைக் கேட்க, அந்த வகுப்பறையிலிருந்தே போன ஒருவர் வேண்டும்.

ஆகவே என் பழைய மாணவியைப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவள் மறுபடி வந்தபோது ஒன்றே ஒன்று கேட்டேன்.

"ஜெயிச்சு வந்த பிறகு, உனக்குப் பின்னால வந்தவரை அமைச்சராக்கி, உன்னைப் பின் வரிசையில உக்காரச் சொன்னா உக்காருவியாம்மா?"

யோசித்தாள். "வேலை செய்ய விட்டாங்கன்னா உக்காருவேன் ஐயா."

"அந்த அமைச்சர் தப்புப் பண்ணா?"

"எழுந்து சொல்லுவேன்."

"கட்சி கோவிச்சுக்குமே?"

"வகுப்புல உங்களையே எழுந்து கேட்டவதானே ஐயா நான்."

உண்மைதான். சிலப்பதிகாரப் பாடத்தில் கண்ணகி மதுரையை எரித்தது சரியா என்று இரண்டு வகுப்பு நேரம் என்னோடு வாதாடியவள். அன்று மணி அடித்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை. முதல் பதிலும் இரண்டாவது பதிலும் சேர்ந்து இருக்கிற ஆளைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். வழிவிடத் தெரிந்தவர்கள் நம் அரசியலில் சிலர் உண்டு. எழுந்து கேட்பவர்களும் சிலர் உண்டு. இரண்டும் ஒருவரிடமே அமைவது அபூர்வம். அன்பழகனிடம் முதலாவது முழுமையாக இருந்தது. இரண்டாவது எதிரிகளைப் பார்த்தால் மட்டும் வந்தது. இந்தப் பெண்ணிடம் இரண்டும் இருந்தால் நாட்டுக்கு நல்லது. இன்னும் அவள் முடிவெடுக்கவில்லை. எடுத்தால் வேலையை விடும் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நடத்திக்கொண்டிருக்கும் பாடத்தை முடித்துவிட்டுப் போ என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்தலில் உங்கள் தெருவுக்குப் பேராசிரியர் ஒருவர் வாக்குக் கேட்டு வந்தால், அவர் வாங்கிய பட்டங்களைப் பார்த்து வியக்க வேண்டாம். அவர் எந்தக் கல்லூரியில் கற்பித்தார் என்று விசாரியுங்கள். அங்கே படித்தவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள், தேடிப் பிடித்து மூன்று விஷயம் கேளுங்கள். ஒழுங்காக வகுப்புக்கு வந்தாரா? கேள்வி கேட்டவனை உட்கார் என்று அதட்டினாரா, பேசவிட்டாரா? தம்மைவிடக் கெட்டிக்கார மாணவன் கிடைத்தபோது அவனை என்ன செய்தார்? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால், கட்சியைப் பார்க்காமல் அவருக்கு வாக்களியுங்கள்.